அடைப்பை எடுத்தாச்சு, அப்புறம்?

என் வீட்டுக்காரருக்கு 51 வயதில் மாரடைப்பு வந்தது. மலேசியாவில், பினாங்கில் தொழிற்சாலை பஸ் ஓட்டுகிறவர். பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டைக்கு ஷிப்ட் ஆட்களை ஏற்றி இறக்குவதுதான் வேலை. ஒரு செவ்வாய்க்கிழமை விடியற்காலையில் முதல் நடையை முடித்துவிட்டு பஸ்ஸை ஓரமாக நிறுத்தியவர், நெஞ்சில் யாரோ ஏறி உட்கார்ந்த மாதிரி இருக்கிறது என்று எனக்குப் போன் செய்தார். அன்று மதியத்துக்குள் மணிக்கட்டு வழியாகக் கம்பி விட்டு, அடைத்திருந்த குழாயைத் திறந்து ஸ்டென்ட் வைத்துவிட்டார்கள். மூன்றாம் நாள் வார்டுக்குப் பார்க்க வந்த சொந்தக்காரர்கள் எல்லாரும் ஒரே வாக்கியத்தைத்தான் சொன்னார்கள்: "அதான் அடைப்பை எடுத்தாச்சே, இனிமே ஒண்ணும் பயமில்ல."

நானும் அதை நம்பினேன். ஐந்தாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். ஒரு பை நிறைய மாத்திரை, ஒரு அப்பாயின்மென்ட் கார்டு, அதோடு "சாப்பாட்டைப் பார்த்துக்குங்க, சிகரெட் வேண்டாம், நடங்க" என்ற அறிவுரை. அந்த நர்ஸைக் குறை சொல்ல மாட்டேன். வார்டில் அன்று ஒரு கட்டில்கூடக் காலி இல்லை. ஆனால் அந்த ஒரு வரிக்குள் என்னென்ன இருக்கிறது, அது ஏன் சிகிச்சையின் மறுபாதி என்பதை யாரும் எங்களை உட்காரவைத்துச் சொல்லவில்லை. இந்த நான்கு வருடத்தில் படித்தும், டாக்டர்களிடம் திரும்பத் திரும்பக் கேட்டும், எங்கள் வீட்டிலேயே தட்டுத்தடுமாறியும் தெரிந்துகொண்டதை, இதே நிலையில் இருக்கிற குடும்பங்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் அந்த 'எடுத்தாச்சு' என்ற சொல். உண்மையில் எதையும் வெளியே எடுத்துப் போடுவதில்லை. இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகிற குழாயின் சுவருக்குள் கொழுப்பும் சுண்ணாம்புச் சத்துமாகப் பல வருடம் சேர்ந்த படிவு இருக்கிறது. அது ஒருநாள் பழுத்த கட்டி மாதிரி உடைகிறது. உடைந்த இடத்தில் ரத்தம் உறைந்து குழாயை மூடிவிடுகிறது. அதுதான் மாரடைப்பு. டாக்டர் உள்ளே ஒரு சின்ன பலூனை ஊதி அந்தப் படிவைச் சுவரோடு சேர்த்து அழுத்துகிறார். மறுபடி மூடிக்கொள்ளாமல் இருக்க, வலை போன்ற ஒரு கம்பிக் குழலை அங்கே நிறுத்திவைக்கிறார். அதுதான் ஸ்டென்ட். 1977 செப்டம்பரில் சூரிக் நகரில் ஆண்ட்ரியாஸ் குருன்ட்ஸிக் என்ற டாக்டர்தான் இதயக் குழாயில் இப்படிப் பலூன் விடுவதை முதன்முதலில் செய்து காட்டினார். அதற்குப் பிறகு இந்த முறை காப்பாற்றிய உயிர்களுக்குக் கணக்கில்லை. என் வீட்டுக்காரர் உயிரும் அதில் ஒன்று.

ஆனால் படிவு உள்ளேயேதான் இருக்கிறது. அதைவிட முக்கியமானது, அது அந்த ஓர் இடத்தில் மட்டும் இல்லை. குழாய் நெடுகவும் இருக்கிறது. சாலையில் ஒரு குழியை அடைத்துவிட்டால் முழுச் சாலையும் புதுசாகிவிடாது என்று இவரிடம் சொன்னேன். பஸ் ஓட்டுகிறவர், உடனே புரிந்துகொண்டார். அடுத்த மாரடைப்பு ஏற்கெனவே ஸ்டென்ட் வைத்த இடத்தில்தான் வரும் என்றில்லை. குழாயைப் பாதிகூட அடைக்காத ஒரு சின்னப் படிவு உடைந்தாலும் வரும். பைபாஸ் ஆபரேஷன் செய்தவர்களுக்கும் கதை இதுதான். அது அடைப்பைத் தாண்டிப் போக ஒரு மாற்றுப் பாதை போடுகிறது. பழைய பாதையைக் கெடுத்த நோய் அப்படியே தொடர்கிறது.

அதனால்தான் அந்த மாத்திரைப் பை. ரத்தம் ஸ்டென்டில் உறையாமல் இருக்க ஆஸ்பிரினோடு இன்னொரு மாத்திரையும் சேர்த்து, பெரும்பாலும் ஒரு வருடத்துக்குத் தருவார்கள். அதை நாமாகப் பாதியில் நிறுத்தினால் ஸ்டென்டுக்குள்ளேயே ரத்தம் கட்டிக்கொள்ளும் ஆபத்து உண்டு. கொழுப்பைக் குறைக்கும் ஸ்டேட்டின் மாத்திரை, கெட்ட கொழுப்பான எல்.டி.எல்.லை இறக்குவதோடு அந்தப் படிவுகள் எளிதில் உடையாமல் இறுகவும் உதவுகிறது. எல்.டி.எல். லிட்டருக்கு ஒரு மில்லிமோல் குறைந்தால் மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைகின்றன. ஒரு தடவை மாரடைப்பு வந்தவர்களுக்கு அது 1.4-க்குக் கீழே இருப்பது நல்லது என்கிறார்கள். அடுத்த ரத்தப் பரிசோதனையில் உங்கள் எண் எவ்வளவு என்று கேளுங்கள். "கொலஸ்ட்ரால் ஓகே" என்ற பதிலோடு எழுந்து வராதீர்கள்.

ஐந்தாம் மாதத்தில் இவர் ஸ்டேட்டினை நிறுத்திவிட்டார். எனக்குத் தெரியாது. "இவ்ளோ மாத்திரை சாப்பிட்டா கிட்னி போயிடும்" என்று கோப்பிக் கடையில் யாரோ சொன்னார்களாம். நம் ஆட்களிடம் இந்தப் பயம் எவ்வளவு ஆழமாக இருக்கிறது என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. மலேசியாவில் புதிதாக டயாலிசிஸுக்கு வருகிறவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்குச் சிறுநீரகம் கெட்டதற்குக் காரணம் இனிப்புநீர், அதாவது சர்க்கரை நோய். எந்த நோய்க்காக மாத்திரை கொடுக்கிறார்களோ அந்த நோய்தான் சிறுநீரகத்தைத் தின்கிறது. பழி மட்டும் மாத்திரைக்குப் போகிறது. மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை, உடம்பு வலிக்கிறது, வறட்டு இருமல் வருகிறது என்றால் டாக்டரிடம் சொல்லி மாற்றிக்கொள்ளலாம். வேறு மாத்திரை இருக்கிறது. அரசு கிளினிக்கில் மருந்தோடு சேர்த்து ஒரு ரிங்கிட்தான் கட்டுகிறோம். அந்த ஒரு ரிங்கிட் மருந்தை அலமாரியில் மூடிவைத்துவிட்டு, வாட்ஸ்அப்பில் வந்த பூண்டு, இஞ்சி, எலுமிச்சை, வினிகர், தேன் கலவையைக் காய்ச்சிக் குடிக்கிற வீடுகள் எனக்குத் தெரிந்தே மூன்று உண்டு. பூண்டும் இஞ்சியும் நல்ல பொருள்கள்தான். ரசத்தில் போடுங்கள். குழாய்ச் சுவருக்குள் இருக்கிற படிவை அவை கரைக்காது.

மாத்திரை ஒரு பக்கம் என்றால், பழக்கம் மறுபக்கம். அதற்கு எவ்வளவு பலம் இருக்கிறது என்பதற்கு ஒரே ஒரு கணக்கைச் சொல்கிறேன். 41 நாடுகளில் 18,809 இதய நோயாளிகளை வைத்துச் செய்த ஆய்வு 2010-இல் வெளிவந்தது. மாரடைப்போ அதற்கு நெருக்கமான நெஞ்சுவலியோ வந்து முப்பது நாளில் அவர்கள் என்ன சாப்பிடுகிறார்கள், நடக்கிறார்களா, புகைக்கிறார்களா என்று கேட்டார்கள். பிறகு ஆறு மாதம் வரை கவனித்தார்கள். புகைத்துக்கொண்டே, சாப்பாட்டையும் மாற்றாமல், உடற்பயிற்சியும் இல்லாமல் இருந்தவர்களுக்கு மறுபடி மாரடைப்போ பக்கவாதமோ சாவோ நேரும் ஆபத்து, புகைக்காமல் இரண்டையும் மாற்றிக்கொண்டவர்களைவிட 3.8 மடங்கு. பத்து வருடம் கழித்து இல்லை, அந்த முதல் ஆறே மாதத்தில். "உடம்பு தேறட்டும், அப்புறம் பார்த்துக்கலாம்" என்று நாம் தள்ளிப்போடுகிற அதே மாதங்கள்தான் அவை.

இது நம் வீட்டுப் பிரச்சினையாக ஏன் இவ்வளவு அடிக்கடி வருகிறது? 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வின்படி, தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு வருகிற சராசரி வயது 53. மற்றவர்களுக்கு 58.8. அதாவது ஐந்தாறு வருடம் முன்னதாகவே நமக்கு வந்துவிடுகிறது. பிள்ளைகள் படித்துக்கொண்டிருக்கும்போது, வீட்டுக் கடன் பாதிகூடத் தீராதபோது வருகிறது. மலேசியாவில் 2019-இல் எடுத்த தேசிய சுகாதாரக் கணக்கெடுப்பில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் இருந்தது. இந்தியர்களை மட்டும் எடுத்தால் 31.4. நம் உடல்வாகு வயிற்றைச் சுற்றிக் கொழுப்பைச் சேர்க்கிறது. ஆள் பார்க்க ஒல்லியாக இருப்பார், தொப்பை மட்டும் இருக்கும். எடையைவிட இடுப்புச் சுற்றளவுதான் நமக்குச் சரியான அளவுகோல். ஆணுக்கு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80. தையல் டேப் எல்லார் வீட்டிலும் இருக்கும்.

வேலையும் சேர்ந்துகொள்கிறது. 1953-இல் லண்டனில் ஜெர்ரி மோரிஸ் என்ற மருத்துவர் இரட்டை மாடிப் பஸ் ஊழியர்களை ஆராய்ந்தார். நாள் முழுக்க உட்கார்ந்து ஓட்டும் டிரைவர்களுக்கு இதய நோய் அதிகமாக இருந்தது. அதே பஸ்ஸில் படியேறி இறங்கிக்கொண்டே டிக்கெட் கொடுக்கும் கண்டக்டர்களுக்குக் குறைவாக இருந்தது. இதைப் படித்தபோது எனக்கு இவர் நாள் கண்முன்னே வந்தது. விடியற்காலை நாலரைக்குக் கிளம்பி ஒரு நடை. அப்புறம் கடையில் ஒரு தே (பால் டீ), ஒரு சிகரெட், ஒரு ரொட்டி சானாய். மதியம் ஒரு நடை, நடுவில் பஸ்ஸிலேயே தூக்கம். ராத்திரி ஷிப்ட்டை இறக்கிவிட்டு வீட்டுக்கு வர பதினொன்றரை. வந்ததும் தட்டு நிறையச் சோறு. லோரி ஓட்டுகிறவர்கள், செக்யூரிட்டி வேலை பார்க்கிறவர்கள், ஷிப்ட் வேலைக்காரர்கள் வீட்டிலும் இதுதான் நடக்கிறது.

வீட்டுக்கு வந்த பிறகு நாங்கள் செய்த பெரிய தப்பு, அவரை அசையவிடாதது. தண்ணீர் டம்ளரைக்கூட எடுக்கவிடவில்லை. மாமியார் பக்கத்திலேயே உட்கார்ந்து விசிறினார். இது பாசம்தான், ஆனால் மருத்துவம் கைவிட்டு எழுபது வருடம் ஆன பாசம். ஒரு காலத்தில் மாரடைப்பு வந்தவரை வாரக்கணக்கில் படுக்கையிலேயே வைத்திருந்தார்கள். 1952-இல் பாஸ்டனில் சாமுவேல் லெவைனும் பெர்னார்ட் லோனும் நோயாளிகளைக் கட்டிலிலிருந்து இறக்கி நாற்காலியில் உட்காரவைத்ததே அன்று பெரிய துணிச்சல். இன்று ஸ்டென்ட் வைத்த மறுநாளே வார்டில் நடக்கவைக்கிறார்கள். படுத்தே கிடந்தால் தசை கரைகிறது, சர்க்கரை ஏறுகிறது, காலில் ரத்தம் கட்டுகிறது. நடந்தால் அதே வேலைக்கு இதயம் குறைவாகத் துடித்தால் போதும் என்கிற அளவுக்கு உடம்பு பழகுகிறது. பைபாஸ் செய்தவர்களுக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. அறுத்த நெஞ்செலும்பு கூட இரண்டு மூன்று மாதம் ஆகும். அதுவரை பத்து கிலோ அரிசிப் பையைத் தூக்கும் வேலை வேண்டாம்.

இதய மறுவாழ்வுப் பயிற்சி என்று ஒன்று இருக்கிறது. கோலாலம்பூரில் 1992-இல் தொடங்கிய தேசிய இருதயக் கழகத்தில் உண்டு, பெரிய மருத்துவமனைகள் பலவற்றிலும் உண்டு. சில வாரங்களுக்கு வரச்சொல்லி, பிசியோதெரபிஸ்ட் கண்காணிப்பில் நடக்கவைத்து, உணவு, மருந்து, மனநிலை எல்லாவற்றையும் பார்க்கிறார்கள். உலகம் முழுவதும் நடந்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், இதில் சேர்ந்தவர்களுக்கு இதய நோயால் சாகும் ஆபத்து ஏறத்தாழ கால் பங்கு குறைகிறது. கால் பங்கு! இப்படி ஒரு மாத்திரை இருந்தால் கடன் வாங்கியாவது வாங்குவோம். ஆனால் நாள் சம்பளக்காரர் வாரம் இரண்டு நாள் லீவு போட்டு, பெருநிலத்திலிருந்து பாலம் தாண்டி எப்படி வருவார்? இவர் இரண்டு தடவை போனார், அப்புறம் முடியவில்லை. முடிந்தவர்கள் விடாதீர்கள். முடியாதவர்கள், அங்கே கற்றுத்தருவதை எழுதி வாங்கிக்கொண்டு வந்து வீட்டில் செய்யுங்கள்.

நாங்கள் அப்படித்தான் செய்தோம். முதல் வாரம் எங்கள் பிளாட் தாழ்வாரத்தில் நடை. லிப்ட்டிலிருந்து கடைசி வீடு வரை பதினொரு கதவு. முதல் நாள் ஐந்தாவது கதவில் நின்று சுவரைப் பிடித்துக்கொண்டார். வலி இல்லை, பயம். முகம் வெளுத்திருந்தது. நான் ஒன்றும் சொல்லாமல் பக்கத்தில் நின்றேன். பக்கத்து வீட்டுச் சீனப் பாட்டி கதவைத் திறந்து, இவரைப் பார்த்துவிட்டு, ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து வெளியே போட்டுவிட்டுப் போனார். அடுத்த இரண்டு வாரம் அந்த நாற்காலி அங்கேயே இருந்தது. நான்காம் நாள் பதினொரு கதவும் முடிந்தது.

ஆறாவது வாரத்திலிருந்து தாவரவியல் பூங்கா. 1884-இல் வெள்ளைக்காரர்கள் அமைத்த தோட்டம். நம் ஆட்களுக்கு அந்தப் பக்கம் முழுவதும் தண்ணீர்மலைதான். பினாங்கில் பொழுது விடியவே ஏழு மணிக்கு மேல் ஆகிறது. அந்த அரை இருட்டில் போனால் வெயிலும் இல்லை, குரங்குத் தொல்லையும் குறைவு. எவ்வளவு வேகம் என்பதற்கு எளிய கணக்கு உண்டு: நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக்கூடாது. பாட முடிந்தால் வேகம் போதாது. பேசவே மூச்சு முட்டினால் அதிகம். வாரத்துக்கு மொத்தம் 150 நிமிடம் இலக்கு. நெஞ்சு இறுகினாலோ தலை சுற்றினாலோ உடனே உட்கார வேண்டும். நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரையை வைத்து ஐந்து நிமிடத்தில் குறையவில்லை என்றால் ஆம்புலன்ஸுக்கு 999. புகைமூட்டக் காலத்தில் காற்றுத் தூய்மைக் குறியீடு 100-ஐத் தாண்டினால் வெளியே நடக்க வேண்டாம். ஷாப்பிங் மால் உள்ளே சுற்றலாம், எங்களைப் போல நிறையப் பேர் சுற்றுகிறார்கள்.

இனி சமையல்கட்டு. என் அரிசி டிரம்முக்குள் ஒரு பால் டின் கிடக்கிறது. மாமியார் தோட்டத்தில் (எஸ்டேட்டில்) இருந்த காலத்து வழக்கம்: இனிப்புப் பால் தீர்ந்ததும் டின்னின் வாயை வெட்டி, கை கிழிக்காமல் இருக்க விளிம்பைத் தட்டிவிட்டு, அதையே அரிசிக்கு அளவாக வைத்துக்கொள்வது. நாலு பேருக்கு ஒரு வேளைக்கு இரண்டு டின், தலை தட்டாமல் குவித்து. மருத்துவமனை உணவு ஆலோசகர் 'சுக்கு சுக்கு செபாரு' தட்டின் படத்தைக் காட்டினார். கால் பங்கு சோறு, கால் பங்கு மீனோ கோழியோ பருப்போ, மீதி அரைத் தட்டு காய்கறியும் பழமும். வீட்டுக்கு வந்து இவர் வழக்கமாகச் சாப்பிடும் தட்டில் பரிமாறி, கரண்டியால் நாலாகக் கோடு போட்டுப் பார்த்தேன். மூன்று பங்கு சோறாக இருந்தது. காய் ஒரு ஓரத்தில், ஊறுகாய் மாதிரி.

இப்போது ஒரு டின், தலை தட்டி. இவருக்கு மட்டும் இல்லை, எல்லாருக்கும். இதைச் செய்ய எனக்கு மூன்று மாதம் ஆனது. முதலில் இவருக்குத் தனிச் சமையல் செய்தேன். உப்பில்லாத கீரை, வேகவைத்த மீன். அந்தப் பக்கம் பிள்ளைகளுக்குச் சாந்தான் (தேங்காய்ப்பால்) ஊற்றிய கோழிக்கறி. அவர் கண்ணெதிரே வாசனை. தண்டனை மாதிரிதான் அவர் அதைச் சாப்பிட்டார். நோயாளிக்குத் தனிப்பானை வைக்கிற வீட்டில் இந்த மாற்றம் நிலைக்காது என்பது என் அனுபவம். ஒரே பானை என்று முடிவு செய்த பிறகுதான் எல்லாம் சரியானது. காய் முதலில் தட்டுக்குப் போகிறது. கங்கோங், சாவி, பயற்றங்காய், முருங்கைக்கீரை என்று ஆயர் ஈத்தாம் பசாரில் கிடைக்காதது எதுவும் இல்லை. தேங்காய்ப்பால் ஞாயிற்றுக்கிழமை மட்டும். மற்ற நாள் புளிக்குழம்பும் மிளகு ரசமும். பொரித்த எண்ணெயைத் திரும்பப் பயன்படுத்துவதில்லை.

உப்பில்தான் கஷ்டப்பட்டேன். ஒரு நாளைக்கு ஐந்து கிராம், அதாவது ஒரு தேக்கரண்டி போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். மலேசியர்கள் சராசரியாகக் கிட்டத்தட்ட எட்டு கிராம் சாப்பிடுகிறார்கள். அதில் நாம் குழம்பில் அள்ளிப்போடுவது ஒரு பகுதிதான். கருவாடு, அப்பளம், ஊறுகாய், கீச்சாப், உடனடி மீ என்று கண்ணுக்குத் தெரியாமல் வருவது நிறைய. கருவாடு எங்கள் வீட்டில் இப்போது தீபாவளி மாதிரி, வருடத்தில் எப்போதோ. கடையில் 'குறைந்த சோடியம்' என்று விற்கும் மாற்று உப்பை மட்டும் டாக்டரைக் கேட்காமல் வாங்காதீர்கள். அதில் பொட்டாசியம் இருக்கிறது. சில ரத்தக்கொதிப்பு மாத்திரைகள் சாப்பிடுகிறவர்களுக்கும் சிறுநீரகம் பழுதானவர்களுக்கும் அது ஆபத்து.

வீட்டுக்கு வெளியே என்றால் தே. நாளுக்கு ஐந்து கிளாஸ் குடிக்கும் மனிதர். அதில் ஊற்றுகிற இனிப்புப் பாலில் கிட்டத்தட்டப் பாதி சர்க்கரைதான். அரசாங்கம் 2019 ஜூலை 1 முதல் சர்க்கரைப் பானங்களுக்கு லிட்டருக்கு 40 காசு வரி போட்டது, 2024-இல் 50, 2025-இல் 90 என்று ஏற்றியது. நல்ல காரியம். ஆனால் அது தொழிற்சாலையில் அடைத்து வருகிற பானத்துக்குத்தான். மாமாக் கடையில், அதாவது இந்திய முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில், நம் கண்ணெதிரே இழுத்து ஆற்றுகிற தேவுக்கு எந்த வரியும் கிடையாது. அங்கே நாம்தான் வாயைத் திறக்க வேண்டும். இவர் முதலில் 'கூராங் மானிஸ்' என்று இனிப்பைக் குறைத்தார், அப்புறம் பால் இல்லாத தே ஓ, அப்புறம் சர்க்கரையும் இல்லாத தே ஓ கொசோங். மொத்தம் நாலு மாதம். இப்போது கடைக்காரத் தம்பி இவரைத் தூரத்தில் பார்த்ததும் "கொசோங் அண்ணே வர்றாரு" என்று உள்ளே குரல் கொடுக்கிறான். சோற்றில் பல குழம்பு ஊற்றித் தருகிற நாசி கண்டார் கடையையும் விட்டுவிடவில்லை. பினாங்கில் பிறந்தவரிடம் அதைக் கேட்பது நியாயமில்லை. மாதம் ஒரு நாள், அரைச் சோறு, வெண்டைக்காய், மீன். எல்லாக் குழம்பையும் வெள்ளமாக ஊற்றுகிற 'பாஞ்சிர்' மட்டும் கிடையாது.

சிகரெட் விஷயத்தில் நான் யோசித்துக் கண்டுபிடித்த ஒன்றைச் சொல்ல வேண்டும். மாரடைப்புக்குப் பிறகு புகையை விட்டவர்களுக்குச் சாவு ஆபத்து மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைகிறது. இவ்வளவு லாபம் தரும் வேறு ஒரே ஒரு காரியத்தைக் காட்டுவது கடினம். ஆனாலும் "என்னால முடியல" என்றார். எனக்கு உடனே பொறி தட்டியது. இதே மனிதர் தைப்பூசத்துக்கு ஆறு தடவை காவடி எடுத்திருக்கிறார். ஒவ்வொரு தடவையும் ஒரு மண்டலம், 48 நாள், ஒரு சிகரெட் இல்லை, பீர் இல்லை, கவிச்சி இல்லை, விடியற்காலை குளியல், தரையில் பாய். அப்போது எப்படி முடிந்தது?

யோசித்துப் பார்த்தால், விரதத்தில் பக்தி இருக்கிறது, அதோடு ஒரு ஏற்பாடும் இருக்கிறது. வீடு முழுக்கச் சேர்ந்து மாறுகிறது. பானை மாறுகிறது. கூட்டாளிகள் சிகரெட்டை நீட்ட மாட்டார்கள், நீட்டுவது பாவம். நேரம் மாறுகிறது. குளித்துவிட்டுச் சாமி கும்பிடுகிற நேரத்தில் பழைய தேக்கடை நேரம் கரைந்துபோகிறது. மருத்துவர்கள் பழக்க மாற்றத்துக்கு வேண்டும் என்று சொல்கிற அத்தனையும் நம் வழக்கத்திலேயே இருக்கிறது. நிக்கோட்டின் ஏக்கம் முதல் சில நாள்தான் உச்சத்தில் இருக்கும், சில வாரத்தில் தணிந்துவிடும். ஒரு மண்டலம் விரதம் இருந்தவர் உடம்பளவில் சிகரெட்டைத் தாண்டியவர்தான். அவரைத் திரும்ப இழுத்தது மாலையைக் கழற்றுகிற நாள். "விரதம் முடிஞ்சாச்சு" என்று கூட்டாளி நீட்டிய முதல் சிகரெட்.

'அடைப்பை எடுத்தாச்சு' மாதிரியே இன்னொரு 'ஆச்சு'. அதனால் இந்தத் தடவை முடிகிற நாள் இல்லாத விரதமாக எடுத்துக்கொள்ளச் சொன்னேன். அவர் சாமி படத்துக்கு முன்னால் எந்தச் சத்தியமும் செய்யவில்லை. கூட்டாளிகள் நாலு பேருக்கும் போன் செய்து, "இனிமே எனக்கு நீட்டாதீங்கடா" என்று மட்டும் சொன்னார். கிளினிக்கில் எம்குவிட் என்ற புகைநிறுத்தச் சேவையில் நிக்கோட்டின் சூயிங்கம் கொடுத்தார்கள், அதுவும் உதவியது. 2019 முதல் சாப்பாட்டுக் கடைகளில் புகைக்கத் தடை இருப்பது இன்னும் உதவியது. இரண்டாம் வருடம் ஒரு சாவு வீட்டில் ஒன்று பிடித்துவிட்டார். மறுநாள் என்னிடம் அவரே சொன்னார். அதோடு சரி.

யாரும் வாய்விட்டுக் கேட்காத இரண்டு விஷயம் உண்டு. ஒன்று, மனசு. மாரடைப்பு வந்தவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்குக் கடுமையான மனச்சோர்வு வருகிறது. ஆண்களிடம் அது அழுகையாக வராது, கோபமாக வரும். ஷேவ் செய்யாமல், டிவியைப் பார்க்காமல் பார்த்துக்கொண்டு, "நான் எதுக்குமே லாயக்கில்ல" என்று வரும். இது நன்றிகெட்டத்தனம் இல்லை, நோயின் பகுதி. கவனிக்காமல் விட்டால் இதயத்துக்கும் கெடுதல். அடுத்த அப்பாயின்மென்ட்டில் நீங்களே டாக்டரிடம் சொல்லுங்கள், அவர் சொல்ல மாட்டார்.

இரண்டாவது, தாம்பத்தியம். பயத்தில் பல வீடுகளில் படுக்கையே பிரிந்துவிடுகிறது. இரண்டு மாடிப் படியை நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ இல்லாமல் ஏற முடிந்தால் பொதுவாகப் பயமில்லை என்பதுதான் டாக்டர்கள் சொல்கிற அளவு. கேட்க வெட்கப்பட்டு ஆண்கள் சிலர் 'ஆண்மைக் கோப்பி' பாக்கெட்டை வாங்கிவிடுகிறார்கள். அந்த மாதிரிக் கோப்பிகளில் லேபிளில் சொல்லாமல் வயாகரா வகை மருந்தைக் கலப்பது பற்றிச் சுகாதார அமைச்சு பல தடவை எச்சரித்திருக்கிறது. நாக்குக்கு அடியில் வைக்கும் நெஞ்சுவலி மாத்திரையோடு அது சேர்ந்தால் ரத்த அழுத்தம் சடாரென்று சரிந்து உயிருக்கே ஆபத்து. வெட்கம் பார்க்காமல் டாக்டரிடம் கேளுங்கள். முடியாவிட்டால் மனைவி கேளுங்கள். நான் கேட்டேன். அவர் சாதாரணமாகப் பதில் சொன்னார்.

இப்போது எல்.டி.எல். 1.3. இடுப்பு 101-இலிருந்து 92. இன்னும் இரண்டு சென்டிமீட்டர் பாக்கி. போன வருடம் தைப்பூசம் முடிந்த அடுத்த வாரம், கூட்டம் இல்லாத ஒரு காலையில் தண்ணீர்மலைக் கோவிலின் 513 படியும் ஏறினார். நடுவில் மூன்று இடத்தில் உட்கார்ந்தோம்.

எனக்கு இப்போது கவலை இவர் தம்பியைப் பற்றித்தான். புக்கிட் மெர்தாஜாமில் வெல்டிங் வேலை, வயது 44. ஆணுக்கு 55-க்கு முன்னால் மாரடைப்பு வந்தால் கூடப்பிறந்தவர்கள் எல்லாரும் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். குறைந்த வருமானக் குடும்பங்களில் 40 வயது தாண்டியவர்களுக்கு அரசின் பெக்கா பி40 திட்டத்தில் பரிசோதனை இலவசம். நாலு வருடமாகச் சொல்கிறேன். "எனக்கு ஒண்ணுமில்ல அண்ணி" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். போன வாரம் வீட்டுக்கு வந்தவரை நிற்கவைத்து, தையல் டேப்பை இடுப்பில் சுற்றினேன். 104. கொஞ்ச நேரம் டேப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு அவருக்குக் கிளினிக். அவர் அண்ணனும் நானும் கூடப் போகிறோம்.